கேள்வி – பதில்: நீருக்கடியில் ஓசை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

ஒலியைக் கொண்டு நீருக்கடியில் உள்ளவற்றைக் கண்டறியும் கருவியான சோனாரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, நீருக்கடியில் இருக்கும் இலக்கின் திசையைச் சமிக்ஞைச் செயலாக்கத்தின் மூலம் கணிக்கிறார்கள் என்று ஒரே வரியில் கடந்து போயிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இம்முறை இந்தப் பகுதியை நிரப்பிவிட்டன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, ஆறு கேள்விகளாகச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: நீரில் மூழ்கியிருக்கும்போது படகு எஞ்சினின் ஓசை நன்றாகவே கேட்கிறது, ஆனால் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் தெரிவதில்லை. தலைக்குள்ளேயே ஒலிப்பதுபோல் இருக்கிறது. காதால் முடியாததைக் கருவி எப்படிச் செய்கிறது?

பதில்: காதால் முடியாமற்போவதற்கான காரணத்திலேயே கருவி எப்படிச் செய்கிறது என்பதற்கான விடையும் இருக்கிறது. வலப்பக்கத்தில் எழும் ஓசை வலக்காதை முதலிலும் இடக்காதைச் சற்றுப் பிந்தியும் அடைகிறது. காற்றில் இந்த இடைவெளி அதிகபட்சம் சுமார் 0.65 மில்லிநொடி. நமது மூளை பிறந்தது முதல் இந்தக் கணக்கில் பழகியது. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில், அதாவது காற்றில் செல்வதைப்போல் நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் செல்வதால், அதே இடைவெளி 0.15 மில்லிநொடியாகக் குறுகிவிடுகிறது. காற்றுக்கென்று பழகிய மூளை இந்த எண்ணை வாங்கிக்கொண்டு, நேர் வலப்புறத்து ஓசையையும் ஏறக்குறைய நேர் முன்னாலிருந்து வருவதாகவே கொள்கிறது. போதாக்குறைக்கு, காற்றில் ஒலியை மறித்து ஒரு காதுக்கு நிழல் தரும் தலை, நீரில் அவ்வளவாக மறிப்பதில்லை. மண்டையோட்டின் வழியாகவும் ஒலி இரண்டு செவிகளையும் நேரே சென்றடைந்துவிடுகிறது. எனவே ஓசை தலைக்குள் ஒலிப்பதுபோல் உங்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

கருவிக்கு உள்ள வசதி ஒன்றுதான்: அதன் காதுகளுக்கு இடையிலுள்ள தூரத்தை நாம் விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். நீரொலியைக் கேட்கும் இரண்டு ஹைட்ரோஃபோன்களை 75 சென்டிமீட்டர் இடைவெளியில் வைப்போம். அவற்றை இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தான திசையிலிருந்து 30 டிகிரி விலகி ஓசை வருகிறது என்றால், தொலைவில் உள்ள ஹைட்ரோஃபோனை அடைய அது 37.5 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்ய வேண்டும், அதற்கு 0.25 மில்லிநொடி ஆகும். இந்தத் தாமதத்தை அளந்துவிட்டால், இடைவெளியும் ஒலியின் வேகமும் ஏற்கெனவே தெரியும் என்பதால், பின்னோக்கிக் கணக்கிட்டுக் கோணத்தைப் பெறலாம். முதல் உலகப்போர்க் காலத்துக் கருவிகள் சிலவற்றில் இந்தக் கணக்கைச் செய்ததும் மனிதக் காதுதான். இரண்டு ஒலிவாங்கிகளை விலக்கிப் பொருத்தி, இரண்டு காதுகளுக்கும் தனித்தனிக் குழாய் கொடுத்து, ஓசை தலையின் நடுவில் கேட்கும்வரை முழு அமைப்பையும் கையால் திருப்பினார்கள். அது நின்ற கோணமே இலக்கின் திசை. இன்றைய செயலாக்கம் எவ்வளவு சிக்கலாகத் தோன்றினாலும், அது அளப்பது இதே தாமதத்தைத்தான்.

கேள்வி: இரண்டு ஹைட்ரோஃபோன்களே போதுமென்றால், பத்துக்கணக்கிலும் நூற்றுக்கணக்கிலும் வரிசையாக வைப்பது ஏன்? அவற்றின் இடைவெளியை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

பதில்: கடலில் ஒரே ஓர் ஓசை, அதுவும் தெளிவாக இருக்குமானால் இரண்டு போதும். ஆனால் கடல் ஒருபோதும் அமைதியாக இருப்பதில்லை. அலைகளின் இரைச்சல், தொலைதூரக் கப்பல்களின் முழக்கம், இறால் கூட்டத்தின் சொடுக்கொலி, ஹைட்ரோஃபோன்களைத் தாங்கிச் செல்லும் கப்பலின் சொந்த எஞ்சின் ஆகியவற்றுக்கு நடுவில் இலக்கின் ஓசை பெரும்பாலும் புதைந்தே கிடக்கும்.

இதற்கான மிகப் பழைய, இன்றும் முதலில் கையிலெடுக்கப்படும் உத்தி, தாமதித்துக் கூட்டுவது. குறிப்பிட்ட ஒரு திசையை நினைத்துக்கொண்டு, அந்தத் திசையிலிருந்து ஓசை வந்தால் ஒவ்வொரு ஹைட்ரோஃபோனுக்கும் எவ்வளவு முந்திப் பிந்தி வரும் என்று கணக்கிட்டு, அந்த வேறுபாட்டை ஈடுசெய்தபின் எல்லாவற்றையும் கூட்டிவிட வேண்டும். ஓசை உண்மையிலேயே அந்தத் திசையிலிருந்து வந்திருந்தால் முகடு முகட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் சேர்ந்து வலுப்பெறும். வேறு திசையிலிருந்து வந்தது ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். ஒவ்வொரு ஹைட்ரோஃபோனிலும் தனித்தனியாக எழும் இரைச்சலோ ஒழுங்கின்றிக் கூடும். இப்படி 32 ஹைட்ரோஃபோன்களைச் சேர்த்தால், இரைச்சலோடு ஒப்பிடும்போது சமிக்ஞை சுமார் 15 டெசிபெல், அதாவது ஆற்றலில் 32 மடங்கு, மேலேறும். நினைத்துக்கொண்ட திசையை ஒவ்வொரு டிகிரியாக நகர்த்தி, கூட்டுத்தொகையின் வலுவை வரைந்தால், இலக்கு இருக்கும் திசையில் ஒரு மேடு எழும். இதைத்தான் கற்றை உருவாக்கம் என்கிறோம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கணினியே இல்லாமல், மின்சுற்றுகளால் ஆன தாமதக் கோடுகளைக் கொண்டு இதைச் செய்தன.

மேட்டின் அகலம், வரிசையின் நீளத்தையும் ஒலியின் அலைநீளத்தையும் பொறுத்தது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கடல்நீரில் 1.5 மீட்டர். அரை அலைநீள இடைவெளியில் 32 ஹைட்ரோஃபோன்களை வைத்தால் வரிசையின் நீளம் 23 மீட்டரைத் தாண்டும். அப்போது கற்றையின் அகலம் ஏறக்குறைய 3 டிகிரி. அதே வரிசை 500 ஹெர்ட்ஸ் ஓசையைக் கேட்கும்போது அகலம் இரட்டிப்பாகிவிடும். நெடுந்தொலைவு தேயாமல் செல்வது தாழ்ந்த அதிர்வெண்தான் என்பதால், அதைத் துல்லியமாகக் கேட்க விரும்புவோர் நீண்ட வரிசையைக் கப்பலுக்குப் பின்னால் இழுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

இடைவெளிக்கு வருவோம். அரை அலைநீளத்துக்கு மேல் அகலவிட்டால், வெவ்வேறு திசைகள் ஒரே மாதிரித் தோற்றமளிக்கத் தொடங்கும். எடுத்துக்காட்டாக, முழு அலைநீள இடைவெளியில் வைத்துவிட்டு, வரிசைக்குச் செங்குத்தான திசையிலிருந்து வலப்பக்கம் 30 டிகிரியில் இருக்கும் ஓர் இலக்கைக் கேட்டால், அடுத்தடுத்த ஹைட்ரோஃபோன்களுக்கு இடையே ஒலி அரைச் சுற்று பிந்தியிருக்கும். அரைச் சுற்று பிந்துவதற்கும் அரைச் சுற்று முந்துவதற்கும் வேறுபாடு கிடையாது என்பதால், இடப்பக்கம் 30 டிகிரியிலும் அதே உயரத்தில் ஒரு பொய் மேடு எழும். எவ்வளவு தேர்ந்த செயலாக்கமும் இதைப் பிறகு சரிசெய்ய முடியாது.

மேட்டின் இருபுறமும் எழும் சிறு மேடுகளையும், அதாவது பக்க மடல்களையும், சொல்லியாக வேண்டும். கூட்டும்போது எல்லா ஹைட்ரோஃபோன்களுக்கும் சம எடை, அதாவது சம பங்கு, கொடுத்தால், முதல் பக்க மடல் நடுவிலுள்ள முதன்மை மடலைவிட 13 டெசிபெல்தான் தாழ்ந்திருக்கும், அதாவது ஆற்றலில் அதன் இருபதில் ஒரு பங்காக இருக்கும். இலக்கைவிட நூறு மடங்கு ஆற்றலோடு இரைந்துகொண்டு ஒரு சரக்குக் கப்பல் அந்தப் பக்கமாகப் போனால், மடலின் வழியாகக் கசிந்து வருவதே இலக்கைப்போல் ஐந்து மடங்கு இருக்கும். ஓரங்களில் உள்ள ஹைட்ரோஃபோன்களின் எடையைக் குறைத்தால் இந்த மடல்களை 40 டெசிபெல்லுக்கும் கீழே அமுக்கலாம்; அதற்கு விலையாக முதன்மைக் கற்றை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகன்றுவிடும். பெரும்பாலும் இந்தப் பேரம் நமக்குக் கட்டுப்படியாகும் என்பதே என் கருத்து.

கேள்வி: நான் பொறியியல் இறுதியாண்டு மாணவி. எட்டு ஹைட்ரோஃபோன்கள் கொண்ட வரிசையில், 10 கிலோஹெர்ட்ஸில், மியூசிக் என்ற முறையைக் கொண்டு திசை காண்பது எனது திட்டப்பணி. கணினி உருவகத்தில் 10 டிகிரி, 16 டிகிரி ஆகிய இரண்டு இலக்குகளையும் ஊசிபோன்ற இரண்டு முனைகளாக அழகாகப் பிரித்துக் காட்டியது. நீர்த்தொட்டியில், வரிசையிலிருந்து 2 மீட்டர் தொலைவில் இரண்டு ஒலிபரப்பிகளை வைத்து, ஒரே சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து இரண்டுக்கும் இணைப்புக் கொடுத்துச் சோதித்தபோது, சம்பந்தமில்லாத ஒரு கோணத்தில் ஒரே ஒரு முனை எழுகிறது. நிரலில் பிழை இருக்கிறதா?

பதில்: நிரலின்மேல் பழி போடாதீர்கள். உருவகத்தில் சரியாக வேலை செய்த நிரல் அது. பிழை, உருவகத்தில் நீங்கள் எடுத்துக்கொண்ட கடலுக்கும் உங்கள் தொட்டிக்கும் இடையில் இருக்கிறது; அதில் பெரும்பங்கு உங்கள் கடிதத்திலேயே வெளிப்பட்டுவிட்டது.

முதலில், மற்ற வாசகர்களுக்காக இந்த முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாமதித்துக் கூட்டும் முறையில், உங்கள் எட்டு ஹைட்ரோஃபோன்களின் கற்றை சுமார் 13 டிகிரி அகலம் கொண்டது. 6 டிகிரி இடைவெளியிலுள்ள இரண்டு இலக்குகள் அதில் ஒரே மேடாகக் கலந்துவிடும். இந்தத் தடையைத் தாண்டும் வழிகளில் ஒன்றை, நிலநடுக்க அலைகளைக் கேட்கும் பெரிய வரிசைக்காகக் கேப்பன் என்பவர் 1969இல் வெளியிட்டார். பார்க்கும் திசையில் வருவதைக் குறைக்காமல், மற்றெல்லாத் திசைகளிலிருந்தும் வருவதை இயன்றவரை அமுக்கும்படி எடைகளைத் தரவிலிருந்தே கணக்கிடுவது அவரது வழி. 1979இல் ஷ்மிட் முன்வைத்து, 1986இல் பரவலாக அறியப்பட்ட மியூசிக் இன்னும் ஒரு படி மேலே போகிறது. எட்டு ஹைட்ரோஃபோன்களும் ஒன்றோடொன்று எப்படி ஒத்துப்போகின்றன என்பதை எட்டுக்கு எட்டு அளவுள்ள எண் கட்டமாக, அதாவது உடன்மாறுபாட்டு அணியாக எழுதி, அதை ஐகன் மதிப்புகளாகவும் ஐகன் திசையன்களாகவும் (அணியில் கலந்திருக்கும் தனித்தனிக் கூறுகளின் வலுவாகவும் வடிவமாகவும்) பிரித்தால், இரண்டு இலக்குகளுக்கு இரண்டு பெரிய மதிப்புகளும், இரைச்சலுக்கு ஆறு சிறிய மதிப்புகளும் கிடைக்க வேண்டும். இலக்கின் உண்மையான திசைக்குரிய திசையன், அதாவது அங்கிருந்து வரும் ஓசை எட்டு ஹைட்ரோஃபோன்களிலும் எப்படி முந்திப் பிந்தி அமைய வேண்டும் என்ற எண்வரிசை, இரைச்சலுக்குரிய அந்த ஆறுக்கும் செங்குத்தாக அமையும். எந்தக் கோணத்தில் அந்தச் செங்குத்து நிலை நிறைவேறுகிறது என்று தேடி, அதன் தலைகீழை வரைவதால்தான் ஊசிபோன்ற முனைகள் கிடைக்கின்றன. முனையின் உயரம் ஓசையின் வலுவைக் குறிப்பதில்லை. செங்குத்து நிலை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதை மட்டுமே குறிக்கிறது. திட்டப்பணி அறிக்கைகளில் இந்த இடத்தில் தவறாக எழுதாதவர்களைக் காண்பது அரிது.

இப்போது உங்கள் தொட்டிக்கு வருவோம். ஒரே ஜெனரேட்டர் இரண்டு ஒலிபரப்பிகளையும் இயக்கும்போது, இரண்டு ஓசைகளும் ஒன்றின் நகலாக மற்றொன்று அமைந்து, நேரம் எவ்வளவு கடந்தாலும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குகின்றன. அணியின் கண்ணுக்கு அவை இரண்டல்ல, ஒன்று. ஐகன் மதிப்புகளை அச்சிட்டுப் பாருங்கள்: இரண்டுக்குப் பதிலாக ஒன்றுதான் மற்றவற்றைவிடப் பெரிதாக எழுந்து நிற்கும். அந்த ஒன்றுக்குரிய திசையன் இரண்டு திசைகளின் கலவை என்பதால், அது எந்த ஒரு கோணத்தோடும் பொருந்துவதில்லை. கிடைத்த முனை சம்பந்தமில்லாத இடத்தில் நிற்பது அதனால்தான். உருவகத்தில் நீங்கள் இரண்டு இலக்குகளுக்கும் தனித்தனியே தற்செயல் எண்களை உருவாக்கியிருப்பீர்கள். அதனால் அங்கே இந்தச் சிக்கல் எழவில்லை.

இரண்டாவது, 2 மீட்டர் என்பது போதாத தொலைவு. உங்கள் முறை, அலைமுகப்பு (ஒரே நேரத்தில் முன்னேறிவரும் அலையின் முகம்) தட்டையாக வருகிறது என்று எண்ணிக்கொள்கிறது. 10 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 15 சென்டிமீட்டர்; அரை அலைநீள இடைவெளி வைத்திருந்தால் வரிசையின் நீளம் 52.5 சென்டிமீட்டர், அத்தகைய வரிசைக்கு ஏறத்தாழ 3.7 மீட்டருக்கு அப்பால்தான் அலைமுகப்பைத் தட்டையென்று கொள்ளலாம். 2 மீட்டரில் அது வளைந்தே வந்து சேரும். வரிசையின் நடுவோடு ஒப்பிட்டால் ஓரத்துக்கு 1.7 சென்டிமீட்டர் பிந்தி வரும்; கட்டத்தில், அதாவது அலையின் ஒரு முழுச் சுற்றை 360 டிகிரியாகக் கொண்டால், அது 41 டிகிரி. தொட்டி சிறியது, தள்ளிவைக்க இடமில்லை என்றால், தேடலுக்கான திசையன்களை வளைந்த அலைமுகப்புக்கு ஏற்பத் தொலைவையும் சேர்த்து எழுதிவிடுங்கள். சில வரி மாற்றந்தான்.

மூன்றாவது, தொட்டிச் சுவர்களும் நீர்ப்பரப்பும் எதிரொலிக்கின்றன. எதிரொலியும் மூல ஓசையின் நகல்தான் என்பதால், ஒலிபரப்பிகளைப் பிரித்து இயக்கினாலும் நகல் சிக்கல் முழுவதும் தீராது. எதிரொலி வந்து சேருமுன் கேட்டு முடித்துவிடுவது நல்ல வழி. ஆனால் எதிரொலியின் பாதை 1 மீட்டர் மட்டுமே நீளமாக இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 0.67 மில்லிநொடி, அதாவது ஆறேழு அலைகள். இன்னொரு வழி, எட்டு ஹைட்ரோஃபோன்களை ஆறு ஆறாக, ஒன்றன்மேல் ஒன்று படியும் மூன்று துணை வரிசைகளாகக் கொண்டு, மூன்றின் அணிகளையும் சராசரியாக்குவது. ஒவ்வொரு துணை வரிசையிலும் நகல்களுக்கு இடையிலான கட்டம் மாறுபடுவதால், அவற்றின் ஒட்டுறவு தளர்ந்து தனித்தனியே தெரியத் தொடங்கும். ஆயின் வரிசை ஆறாகக் குறுகிவிட்டதால் பிரித்தறியும் திறனும் அதற்கேற்பக் குறையும்.

கடைசியாக, ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஹைட்ரோஃபோன்களின் இடங்களை மறுபடியும் அளந்து பாருங்கள். 5 மில்லிமீட்டர் பிசகு உங்கள் அலைநீளத்தில் 12 டிகிரி கட்டப் பிழையாகும். சாதாரணக் கற்றை உருவாக்கம் இதைப் பொறுத்துக்கொண்டுவிடும், மியூசிக் பொறுத்துக்கொள்ளாது. ஹைட்ரோஃபோனின் சமிக்ஞையை முதலில் பெருக்கித் தரும் ஒவ்வொரு முன்பெருக்கியின் கட்டமும் வேறுபட்டிருக்கலாம். எனவே, முதலில் ஒரே ஒரு ஒலிபரப்பியைத் தெரிந்த இடத்தில் வைத்து, எட்டுத் தடங்களிலும் வர வேண்டிய கட்டத்தையும் வந்த கட்டத்தையும் ஒப்பிட்டு, வேறுபாட்டைத் திருத்தமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு இரண்டாவது ஒலிபரப்பியை, 10 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய குறுகிய பட்டைக்குள் தனியாக உருவாக்கிய இரைச்சலால், தனி ஜெனரேட்டரைக் கொண்டு இயக்குங்கள். தொட்டியில் தவறிய முனையையும் அதன் காரணத்தையும் அறிக்கையிலிருந்து நீக்கிவிடாதீர்கள். என்னைக் கேட்டால், உங்கள் திட்டப்பணியில் படிக்கத் தகுந்த பகுதி அதுதான்.

கேள்வி: நேர்க்கோட்டு வரிசைக்கு இடம் வலம் தெரியாது என்று ஒரு விரிவுரையில் கேட்டேன். உண்மையா?

பதில்: உண்மை. நேர்க்கோட்டில் உள்ள ஹைட்ரோஃபோன்களுக்கு, கோட்டிலிருந்து இடப்புறம் 40 டிகிரியில் உள்ள இலக்கும் வலப்புறம் 40 டிகிரியில் உள்ள இலக்கும் ஒரே தாமதங்களைத்தான் தரும். கப்பல் சற்றுத் திரும்பினால், உண்மையான இலக்கு திசைகாட்டியில் இருந்த இடத்திலேயே இருக்கும். பொய்யான இலக்கு திருப்பத்தின் இருமடங்கு அளவுக்கு நகர்ந்துவிடும். திரும்ப நேரமில்லாத இடங்களில், இரட்டை வரிசைகளையோ, அழுத்தத்தோடு நீர்த்துகளின் அசைவையும் திசையோடு அளக்கும் திசையன் உணரிகளையோ பயன்படுத்துகிறார்கள். கப்பலின் முகப்பில் உருளை வடிவில் அமைக்கப்படும் வரிசைகளுக்கு இந்தக் குறை கிடையாது.

கேள்வி: கடல்நீரின் வெப்பநிலை இடத்துக்கு இடம் மாறுகிறதே, அது திசைக் கணக்கைப் பாதிக்காதா?

பதில்: இரண்டு விதங்களில் பாதிக்கும். முதலாவது எளிது. 1826இல் ஜெனீவா ஏரியில் கொல்லாடோனும் ஸ்டர்மும் நீருக்குள் மணியை அடித்து அளந்தபோது கிடைத்தது நொடிக்கு 1,435 மீட்டர். அது சுமார் 8 டிகிரி குளிர்ந்த நன்னீர். வெதுவெதுப்பான கடல்நீரில் 1,540 வரை போகும். உண்மையில் 1,540 ஆக இருக்கும் இடத்தில் 1,500 என்று கணக்கில் கொண்டால், செங்குத்துத் திசையிலிருந்து 10 டிகிரியில் உள்ள இலக்குக்குக் கால் டிகிரிதான் பிழை வரும். 60 டிகிரியில் உள்ள இலக்கு 57.5 டிகிரியில் இருப்பதாகத் தெரியும். வரிசைக்கு அருகிலேயே வேகத்தை அளந்துவிட்டால் இது தீர்ந்துவிடும்.

இரண்டாவது நயமானது. ஆழத்துக்கு ஆழம் வேகம் மாறுவதால் ஒலி நேர்க்கோட்டில் செல்லாமல், வேகம் குறைந்த நீரை நோக்கி வளைகிறது. கடலடியில் பட்டு மேலெழுந்தும் வருகிறது. கிடையாக நீண்ட வரிசை உண்மையில் அளப்பது திசைக்கோணத்தை அல்ல, வரிசையின் அச்சுக்கும் ஓசை வந்த வழிக்கும் இடையிலான கோணத்தை. அது ஒரு கூம்பு. இலக்கு அச்சிலிருந்து 30 டிகிரியில் இருந்து, அதன் ஓசை கடலடியில் பட்டு 20 டிகிரி கீழிருந்து வந்தால், வரிசை 35.5 டிகிரி என்று சொல்லும். மேலும் கீழுமாகப் பல வழிகளில் ஓசை வரும்போது ஒரே கப்பல் திரையில் இரண்டு கப்பல்களாகத் தெரிவதுண்டு. அச்சுக்குச் செங்குத்தான திசையில் உள்ள இலக்குக்கு இந்தப் பிழை எழாது.

கேள்வி: திசை தெரிந்துவிட்டால் தொலைவும் தெரிந்துவிடுமா?

பதில்: தானே ஒலியெழுப்பி எதிரொலியைக் கேட்கும் சோனாருக்கு, ஒலி போய்வந்த நேரமே தொலைவைச் சொல்லிவிடும்: 2 நொடியில் திரும்பினால் 1,500 மீட்டர். ஆனால் தான் இருப்பதைக் காட்டிக்கொள்ளாமல் காது மட்டும் கொடுக்கும் சோனாருக்குக் கிடைப்பது திசைதான். அருகில் மெதுவாகச் செல்லும் கப்பலும், தொலைவில் விரைவாகச் செல்லும் கப்பலும் நிமிடத்துக்கு நிமிடம் ஒரே திசைகளைத் தர முடியும். கேட்பவர் தாமும் ஒரே போக்கில், ஒரே வேகத்தில் சென்றுகொண்டிருக்கும்வரை, எத்தனை மணிநேரம் திசைகளைக் குறித்துவைத்தாலும் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது.

எனவே கேட்பவர் தமது போக்கைத் திருப்புகிறார். திருப்பத்துக்கு முன்பும் பின்பும் திசை மாறிய வேகங்களை ஒப்பிட்டால், இலக்கு சீரான வேகத்தில் செல்வதாகக் கொண்டு, தொலைவைக் கணிக்கலாம். அங்கே ஒவ்வொரு டிகிரியும் கணக்கில் வரும்: 10 கிலோமீட்டரில் 1 டிகிரி என்பது பக்கவாட்டில் 175 மீட்டர். திருப்பத்தின்போது பின்னால் இழுபடும் வரிசை வளைந்துபோய், அது மீண்டும் நேராகும்வரை வரும் கோணங்கள் நம்பத் தகுந்தவை அல்ல என்பதால், தொலைவைத் தர வேண்டிய அந்த நேரத்திலேயே தரவு மோசமாகிறது. சோனாரை இயக்குபவர் சில நிமிடங்கள் காத்திருந்து, வரிசை நேரான பிறகே மறுபடியும் குறிக்கத் தொடங்குவார்.